துடுப்பு வலிப்பவருக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

நகராத இருக்கை கொண்ட நாலரை மீட்டர் மரப்படகு ஒன்றை, கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் விலகிய திறந்த நீர்ப்பரப்பில் தனியாகத் துடுப்பு வலித்துச் செல்வது என் நெடுநாள் வழக்கம். அந்தப் படகில் இரண்டு ஆண்டுகளாக நான் அணிந்துவரும் லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. கழுத்தைச் சுற்றி இரு தோள்கள் வழியாக மெல்லிய பட்டைபோல் கிடந்து, நீரில் விழுந்ததும் தானாகவே வாயு நிரம்பி விரியும், 150 நியூட்டன் மிதப்பு தரும் வகை அது. இதற்கு முன் மூன்று விதமான அங்கிகளை வாங்கிக் கழித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் மட்டமான பொருள் அல்ல. துடுப்பு வலிப்பவரின் உடல் எப்படி அசைகிறது என்பதை எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதே குறை.

முதலாவது, நுரைப்பஞ்சு அடைத்த சாதாரண அங்கி. பயணிகள் படகில் உட்கார்ந்து வருபவருக்கு அது போதும். ஆனால் துடுப்பை இழுத்து முடிக்கும் ஒவ்வொரு முறையும் இரு கைகளும் விலா எலும்புகளின் கீழ்ப்பகுதிக்கு வந்து சேர வேண்டும். அந்த அங்கி மிகத் தடிமனாக இருந்ததும் சரியாக அதே இடத்தில்தான். நிமிடத்துக்கு 22 முறை இழுப்பவர் ஒரு மணி நேரத்தில் 1,300 முறைக்கு மேல் அந்தப் பஞ்சின்மீது துடுப்புப் பிடியை மோதவிட வேண்டும், அல்லது இழுப்பைப் பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. அரை மணி நேரத்தில் கழற்றி இருக்கைக்கு அடியில் திணித்துவிட்டேன். அடுத்தடுத்த பயணங்களில் அது அங்கேயே கிடந்தது. படகு கவிழும்போது இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கி அலையோடு போய்விடும். கைக்குக் கிடைத்தாலும், தலைக்கு மேல் அலை அடிக்கும் நீரில் அதை மாட்டிக் கொக்கி போடுவது மிகக் கடினம்.

இந்தச் சிக்கல் புதியதும் அல்ல. 1854-இல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்காகக் கேப்டன் வார்ட் வடிவமைத்த தக்கை அங்கியில், கித்தான் துணியின்மீது தக்கைத் துண்டுகள் தனித்தனியாக வரிசையில் தைக்கப்பட்டிருந்தன. அணிந்தவர் உடலை வளைத்துத் துடுப்பு வலிக்க முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1861 பிப்ரவரி 9 அன்று விட்பி என்ற ஊரில் புயலுக்கு நடுவே அடுத்தடுத்துப் பல கப்பல்களின் மாலுமிகளைக் கரைசேர்த்த மீட்புப் படகு கடைசியில் கவிழ்ந்தபோது, அதிலிருந்த 13 பேரில் 12 பேர் இறந்தனர். உயிர் பிழைத்த ஹென்றி ஃபிரீமன் ஒருவர் மட்டுமே அந்தப் புதுவகைத் தக்கை அங்கியை அணிந்திருந்தார். ஆகவே இத்தகைய ஒரு பொருளை மதிப்பிடும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, இது எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதல்ல. இதைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் துடுப்பு வலிக்க முடியுமா என்பதே.

அணிந்திருப்பதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் குளிர்நீர். நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், விழுந்த நொடியிலேயே உடல் நம்மைக் கேட்காமல் ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும். தொடர்ந்து மூச்சு இரைக்கும். இதயத் துடிப்பு எகிறும். வாய் நீருக்குள் இருக்கும்போது அந்த முதல் மூச்சு வந்துவிட்டால் கதை அத்தோடு முடிந்துவிடக்கூடும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதனை 1–10–1 என்று மூன்று எண்களில் விளக்குவார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம்; கை விரல்கள் சொன்னபடி கேட்கும் பத்து நிமிடங்கள்; உடல் வெப்பம் இறங்கி நினைவு தவறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். குளிரில் விறைத்துச் சாவதற்கு நேரம் பிடிக்கும். லைஃப் ஜாக்கெட் அணியாதவருக்கு அந்த நேரம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை, அவர் முதல் நிமிடத்திலோ பத்தாவது நிமிடத்திலோ மூழ்கிவிடுகிறார். வெயிலில் வியர்த்துக்கொண்டே வலிப்பவர், காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுத்துகிறாரே ஒழிய நீரின் வெப்பத்தைப் பார்த்து உடுத்துவதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவதாக வாங்கியது, இடுப்பில் பெல்ட்டைப் போலக் கட்டிக்கொள்ளும் சிறு பை வடிவம். துடுப்பு வலிப்பதற்கு இதைவிட வசதியான ஒன்றை நான் கண்டதில்லை; கட்டியிருப்பதே மறந்துபோகும். ஆனால் நீரில் விழுந்தபின் அதன் கயிற்றை இழுத்தால் காற்றுப்பை வயிற்றுக்கு முன்னால் விரிந்து மிதக்கும். அதை நாமே பிடித்துத் தலை வழியாக மாட்டிக்கொள்ள வேண்டும். அலையே இல்லாத நீச்சல் குளத்தில், வெதுவெதுப்பான நீரில், யாரோ ஒருவர் கரையில் நின்று சிரித்துக்கொண்டிருக்கையில், மூன்றாவது முயற்சியில்தான் எனக்கு அது கைகூடியது. துடுப்பு நீருக்குள் சிக்கி, அதன் பிடி தாடையில் அடித்து மயங்கி விழுந்தவர் எந்தக் கயிற்றையும் இழுக்கப் போவதில்லை. நல்ல நீச்சல்காரர்கள், கூடவே இன்னொரு படகு வரும் அமைதியான நீர்நிலைகளில், அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. தனியாகச் செல்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நியூட்டன் கணக்கை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஓ 12402 என்ற பன்னாட்டுத் தரவரிசையில் 50, 100, 150, 275 என நான்கு படிகள் உள்ளன. பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு. பெரியவர் ஒருவரின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க மூன்று முதல் ஐந்து கிலோ மிதப்பே போதும் என்பதால், 50 நியூட்டன் எதற்கும் போதும் என்று தோன்றும். மிதக்க வைப்பதற்கு அது போதும்தான், ஆனால் நினைவிழந்து குப்புறக் கிடப்பவரைப் புரட்டி முகத்தை வானம் பார்க்க வைப்பதற்கு அது போதாது. அந்த வேலைக்காகவே 150 நியூட்டன் அங்கி செய்யப்படுகிறது. உள்ளே காற்று தங்கும் கனத்த மழை உடைகளை அணிந்தவரை அதுவும் புரட்டத் தவறலாம்; அவர்களுக்கும் கருவிகளைச் சுமப்பவர்களுக்கும் உரியது 275. நான் மெல்லிய உடையில் வலிப்பவன் என்பதால் 150-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாவது அங்கிதான் எனக்குப் பாடம் கற்பித்தது. தோற்றத்தில் அது இப்போது வைத்திருப்பதைப் போன்றதே; உள்ளிருந்து வாயுவைத் திறந்துவிடும் விசையில்தான் வேறுபாடு. நீரில் கரையும் ஒரு சிறு வில்லை, அழுத்தி வைக்கப்பட்ட சுருள்வில்லைத் தடுத்து நிறுத்தியிருக்கும். வில்லை கரைந்ததும் சுருள்வில் விடுபட்டு, ஊசி வாயு சிலிண்டரைத் துளைக்கும். எளிமையான, நம்பகமான ஏற்பாடு. ஆனால் துடுப்பு வலிப்பவரின் மார்பு எப்போதும் ஈரம்: துடுப்பின் அலகிலிருந்து தெறிக்கும் நீர், படகின் முன்முனையில் மோதிச் சிதறும் அலை, வியர்வை. ஒரு நாள் நனைந்த அங்கியை அப்படியே சுருட்டி அலமாரிக்குள் வைத்தேன். இரவு இரண்டு மணிக்கு உள்ளிருந்து படாரென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் சட்டைகளுக்கு நடுவே மஞ்சள் நிறக் காற்றுப்பை விம்மி நிற்கிறது. வீட்டில் அது இன்றுவரை ஒரு கேலிப்பொருள்; ஆனால் அதே விசை நடுக்கடலில், எதிர்க்காற்றில் இரு கைகளும் துடுப்பில் இருக்கும்போது விடுபட்டிருந்தால், விரிந்த பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரைவரை வலிக்க முடிந்திருக்காது.

இப்போதைய அங்கியில் இருப்பது நீரழுத்த விசை. ஈரத்தால் அது இயங்காது. ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து, நீரின் அழுத்தம் வால்வைத் திறந்தால்தான் இயங்கும். இரண்டு ஆண்டுகளில் மழையிலும் தெறிப்பிலும், ஒருமுறை மடிவரை நிறைந்த அலையிலும்கூட அது தவறுதலாக விரியவில்லை. தானியங்கி வகையின்மீது ஒரு நியாயமான ஐயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டவரை, விரிந்த அங்கி மேல்நோக்கிப் படகின் அடித்தட்டோடு சேர்த்து அழுத்தும், குனிந்து வெளியே வருவது கடினமாகும். மூடிய அறை கொண்ட படகில் இது பெரிய ஆபத்து. முழுவதும் திறந்த சிறு படகில், கால்களைக் கட்டும் வார்கள் இறுகக் கட்டப்படாதிருந்தால், பெரும்பாலும் நாம் படகிலிருந்து வெளியே வீசப்படுகிறோம். நினைவிழந்து குப்புறக் கிடக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் நான் தானியங்கியையே தேர்ந்தேன். வேறொருவர் வேறு முடிவுக்கு வரலாம்.

வாங்கிய இரண்டாம் மாதம், கரையோரத்தில் நண்பர் ஒருவர் இன்னொரு படகில் காத்திருக்க, வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்ந்து நீரில் விழுந்தேன். தலை முழுகியதும் மார்புக்குள் யாரோ சீட்டி அடிப்பதுபோல ஓர் ஒலி. அடுத்த கணம் கழுத்துக்குப் பின்னால் எதுவோ அறைந்து தள்ளியது. ஐந்து வினாடிக்குள் மல்லாந்து கிடந்தேன். தாடை உயர்ந்து, காதுகள் பாதி நீருக்குள் இருந்தன. அந்த வேகம் எனக்கு முழு நிறைவளித்தது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் அங்கி மேலே ஏறத் தொடங்கியது. அலை ஒன்று தூக்கி இறக்கும்போதெல்லாம் அது ஒரு விரற்கடை உயர்ந்து, கடைசியில் காதுகளை நெருக்கிப் பிடித்தது. உடல் கீழே தொங்க, அங்கி மட்டும் அழகாக மிதந்தது. காரணம் எளிது: தொடைகளுக்கு இடையே செல்லும் வாரை நான் வாங்கவில்லை. அது பெட்டிக்குள் இல்லை, தனியே விற்கப்படுகிறது. அந்த வார் இல்லாத லைஃப் ஜாக்கெட்டைக் கொக்கி இல்லாத பெல்ட் என்றே கருத வேண்டும். தயாரிப்பாளர்மீது எனக்குள்ள முதல் மனத்தாங்கல் இதுவே. வாரை வாங்கிப் பொருத்தியபின் மறுபடியும் குதித்துப் பார்த்தேன். அங்கி இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று கற்ற இரண்டாவது செய்தி, கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது. விரிந்த அங்கியோடு படகுக்குள் ஏற முடியாது. படகின் விளிம்பைப் பிடித்து, கால்களை உதைத்து, வயிற்றால் ஏறிப் படுக்க முயலும்போது, மார்பின் முன்னே தலையணை அளவுக்கு விம்மி நிற்கும் பை நம்மைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வாயால் ஊதுவதற்கென்று அங்கியின் இடப்புறத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி வால்வுக்குள் அழுத்தினால் வாயு வெளியேறும். மூன்றில் ஒரு பங்கு வெளியேற்றிய பின்புதான், பக்கவாட்டில் ஏறினால் படகு மீண்டும் கவிழும் என்பதால், பின்புறமாகச் சுற்றிச் சென்று என்னால் ஏற முடிந்தது. மூடியை மறக்காமல் நேராகத் திருப்பி மாட்ட வேண்டும்; தலைகீழாகவே விட்டுவிட்டால் அடுத்த முறை நிரம்பும் வாயு அவ்வளவும் அதன் வழியே கசிந்துபோகும். விரல்கள் விறைத்த நிலையில் இதைச் செய்வதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் அவகாசம் இல்லை என்பதை நினைவில் வைத்து, கரையில் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை பழகிக்கொண்டேன்.

ஏறுவதற்குப் படகு அருகில் இருக்க வேண்டுமே என்ற கேள்வி எழும். ஆள் இறங்கிய வெறும் படகு, மிதமான காற்றிலும் நாம் நீந்துவதைவிட வேகமாக விலகிப் போகும். அதனால் அங்கியின் இடுப்பு வளையத்துக்கும் படகுக்கும் இடையே, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கியுடன் ஒரு கயிற்றை இணைத்திருக்கிறேன். கயிறு காலில் சிக்கும் ஆபத்து உண்டு. அதற்காகவே சுருண்டு கொள்ளும் வகையைத் தேர்ந்தேன். கவிழ்ந்த படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தாமல் இருப்பதற்கும் இது ஒரு கட்டாயம்: தேடி வருபவர்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது படகின் அடித்தட்டே, மனிதத் தலை அல்ல.

கழுத்துப்பட்டைக்குள் ஒரு விசில், நீர் பட்டதும் எரியும் ஒரு சிறு விளக்கு, ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் ஆகியவை உள்ளன. விளக்கு நன்று. விசில் மிகச் சிறியது, மாற்றிவிட்டேன். 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளுக்கு அபாயக்குறி அனுப்பும் தனிநபர் கருவியைப் பொருத்த உள்ளே ஓர் இடம் விட்டிருப்பது, இந்த அங்கியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். அக்கருவி காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பின் வழியே மீட்பு நிலையங்களை எட்டும். குறைந்தது 24 மணி நேரம் இயங்கும். ஆனால் அதன் ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்க வேண்டும், கருவி நம் பெயரில் பதிவு செய்யப்பட்டிருக்கவும் வேண்டும். கையடக்க விஎச்எஃப் ரேடியோவையும் அங்கியிலேயே மாட்டிக்கொள்கிறேன். அபாய அழைப்புக்குரிய 16-ஆம் சேனலில் அருகிலுள்ள கப்பல்களும் கேட்கும் என்பது கைபேசியில் கிடைக்காத வசதி. ஆனால் உட்கார்ந்த உயரத்திலிருந்து பேசும்போது இன்னொரு சிறு படகை எட்டும் தொலைவு சில கடல் மைல்களே. இவை படகின் பெட்டிக்குள் இருந்தால், கவிழ்ந்தபின் அவை படகோடு இருக்கும், நாம் நீரோடு இருப்போம்.

அங்கியால் ஆகாதவையும் உண்டு. துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார். அங்கியின் தடித்த கழுத்துப்பட்டை, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதைச் சற்றே தடுக்கிறது. முதல் மாதத்தில் இந்தக் காரணத்தாலேயே நான் திரும்பிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தேன் என்பதை, ஒரு மிதவைக் குறியின்மீது துடுப்பு இடித்தபோதுதான் உணர்ந்தேன். இப்போது தொப்பியின் விளிம்பில் ஒரு சிறு கண்ணாடியும், பத்து இழுப்புக்கு ஒருமுறை திரும்பும் பழக்கமும் உண்டு. இருட்டத் தொடங்கினால், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன்னதாகக் காட்டும் வகையில் ஒரு வெள்ளை விளக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின் 25-ஆம் விதி. அங்கியின் விளக்கு நீரில் விழுந்தபின் எரிவது, அதற்கு ஈடாகாது. காற்றையும் எந்த அங்கியும் தடுக்காது. கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்றில் கரையோரம் கண்ணாடிபோல் கிடக்கும். அரை மைல் போனபின்தான் அதன் வேகம் தெரியும், அப்போது திரும்புவது எதிர்க்காற்றில். காற்றின் வேகம் 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்பதிலிருந்து 16 நாட் ஆக இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். தனியாக வலிப்பவரின் நீடித்த வேகம் மூன்று நாட் அளவுதான் என்பதால், காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 4 என்று முன்னறிவிப்பு சொன்னால் நான் படகை இறக்குவதே இல்லை.

பராமரிப்பைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதில்லை. சிலிண்டர் நாளடைவில் அதிர்வால் தானே தளரக்கூடும்; ஒவ்வொரு முறையும் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். எனது 33 கிராம் சிலிண்டரின் உடலில் அதன் மொத்த எடை பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்து ஒப்பிடுகிறேன். துரு தென்பட்டால் எடை சரியாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் துருவின் சொரசொரப்பு மடித்திருக்கும் பையை உரசிக் கிழிக்கும். பையைக் கைப்பம்பால் நிரப்பி ஓர் இரவும் பகலும் விட்டுவைத்தால் கசிவு தெரிந்துவிடும். வாயால் ஊதினால் உள்ளே ஈரம் தங்கும். விசையின் மாற்றுத் தேதி அதன் முகப்பில் அச்சிடப்பட்டிருக்கிறது. நீரழுத்த விசையின் மாற்று உறுப்பு, வில்லை வகையைவிடக் கணிசமாக விலை கூடியது என்பதை வாங்குமுன் கணக்கில் கொள்ள வேண்டும். நான் குதித்துப் பார்த்த இரண்டு சோதனைகளும் இலவசமாக நடந்துவிடவில்லை.

எஞ்சிய குறைகள் சிறியவை. கையால் இழுப்பதற்கான கயிற்றின் முனை வலப்புறம் வெளியே தொங்குகிறது. துடுப்பின் பிடி அதில் இருமுறை மாட்டிக்கொண்டது, நல்வேளையாக இழுபடவில்லை. அதைப் பாதி உள்ளே செருகி, நுனி மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறேன். மார்புக் கொக்கி உலோகமானதால், இழுப்பின் முடிவில் கட்டைவிரல் எலும்பு அதில் தட்டுகிறது. வாரை ஒரு துளை மேலேற்றியதும் சரியாயிற்று. காலர் இல்லாத சட்டையோடு அணிந்தால் கழுத்தோரம் சிவந்துவிடுகிறது.

ஆகத் தனியாக, திறந்த நீரில், துடுப்பு வலிப்பவருக்கு இதையே வாங்கச் சொல்வேன்; தொடை வாரையும் ஒரு மாற்று உறுப்புத் தொகுதியையும் அதே நாளில் சேர்த்து வாங்கும் நிபந்தனையுடன். நீந்தத் தெரியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இதை நான் அணிவிப்பதில்லை. காற்று நிரம்பும்வரையிலான சில வினாடிகளையும், என்றோ ஒருநாள் தவறக்கூடிய விசையையும் அவர்கள்மீது சுமத்த எனக்கு மனமில்லை. எப்போதாவது என்னோடு பின்னிருக்கையில் அமர்ந்து வருபவர் துடுப்பைத் தொடுவதில்லையாதலால் பஞ்சின் தடிமன் அவருக்குத் தடையும் இல்லை. நான் கழற்றி எறிந்த அந்த முதல் நுரைப்பஞ்சு அங்கி இப்போது அவருக்குத்தான் பயன்படுகிறது.